கோல்ட் கார்டுக்குக் கெடு நீடிப்பு: யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு?

2020இல் கொரோனா விமானங்களைத் தரையில் நிறுத்தியபோது, உலகின் பெரிய விமான நிறுவனங்கள் அடிக்கடி பறக்கும் பயணிகளுக்கு ஒரு சலுகை கொடுத்தன. இந்த வருடம் பறக்காவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் சில்வர், கோல்ட், பிளாட்டினம் ஸ்டேட்டஸ் (அடிக்கடி பறப்பவருக்குத் தரும் முன்னுரிமைப் படி) இன்னும் ஒரு வருடம் அப்படியே இருக்கும் என்றன. பல நிறுவனங்கள் அடுத்த வருடமும் அதையே செய்தன. அப்புறம் எல்லைகள் திறந்தன, விமானங்கள் நிரம்பின, சலுகையும் முடிந்தது. லண்டனில் இருப்பவருக்கு இது ஓரளவு சரியாகவே பொருந்தியது. கொழும்பில் இருப்பவருக்குப் பொருந்தவில்லை. எங்களுக்கு நெருக்கடி 2019 ஏப்ரலில் தொடங்கி 2022 முடியும் வரை நீண்டது. உலகத்தின் கண்ணில் பட்டது அதன் நடுப்பகுதி மட்டும்தான்.

ஸ்டேட்டஸை நீடிக்க வேண்டுமா என்ற விவாதம் ஒவ்வொரு நெருக்கடியிலும் திரும்பி வருகிறது. ஒரு பக்கம், விசுவாசமாக இருந்த வாடிக்கையாளரைக் கைவிடலாமா என்கிறார்கள். மறுபக்கம், பறக்காதவருக்கு எதற்குப் பறப்பவரின் சலுகை என்கிறார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. என் நிலைப்பாட்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பறக்கும் வழி அடைபட்டவருக்கு, அது அடைபட்டிருந்த காலத்துக்கு நீடிக்க வேண்டும். உலகத்துக்கெல்லாம் ஒரே அறிவிப்பில் ஒரு வருடத்தை அள்ளிக் கொடுப்பது தவறு. அப்படி அள்ளிக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடம் ஒரு நாடு மட்டும் முடங்கும்போது பார்க்காதது போல் இருப்பது அதைவிடத் தவறு.

மைல்ஸ் வேறு, ஸ்டேட்டஸ் வேறு

அமெரிக்கன் எயார்லைன்ஸ் 1981 மே 1ஆம் திகதி ஏ-அட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களுக்குள் யுனைடெட்டும் மைலேஜ் பிளஸுடன் வந்தது. பறந்த தூரத்துக்கு மைல்ஸ், சேர்ந்த மைல்ஸுக்கு இலவச டிக்கெட் என்பதுதான் ஆரம்பக் கணக்கு. படிநிலைகள் அதன் மேல் கட்டப்பட்டவை.

மைல்ஸ் பயணி சேர்த்து வைத்த ஒன்று. அதற்கு ஈடாக டிக்கெட் கொடுக்க வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் கணக்கில் அது ஒரு கடன். ஸ்டேட்டஸ் அப்படி இல்லை. அதைச் செலவழிக்க முடியாது, சேமித்து வைக்க முடியாது, மகளின் பெயருக்கு மாற்றிவிட முடியாது. இந்த வருடம் இவ்வளவு பறந்தீர்கள், ஆகவே வரும் ஒரு வருடத்துக்கு உங்களை வரிசையில் முன்னால் நிறுத்துவோம் என்ற வாக்குறுதி அது. வருடம் முடிந்ததும் எண்ணிக்கை பெரும்பாலான திட்டங்களில் பூச்சியத்துக்குப் போய்விடும். மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும்.

இந்த வித்தியாசம் பக்கத்து நாட்டில் 2019இல் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. கொழும்புக்கும் வந்துபோன ஜெட் எயார்வேஸ் அந்த வருடம் ஏப்ரல் 17ஆம் திகதி பறப்பதை நிறுத்தியது. அதன் ஜெட்பிரிவிலேஜ் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் மைல்ஸ் தப்பிப் பிழைத்தது, இன்டர்மைல்ஸ் என்ற பெயரில் தொடர்ந்தது. பிளாட்டினம் கார்ட் வைத்திருந்தவருக்கோ அதைக் காட்ட ஒரு கவுண்டர்கூட மிஞ்சவில்லை. எவ்வளவு தாராளமாக நீடித்துக் கொடுத்தாலும், கொடுத்த நிறுவனம் உயிரோடு இருக்கும் வரைதான் ஸ்டேட்டஸுக்கு மதிப்பு. செலவைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் நிலவரம் இது. எமிரேட்ஸின் நிர்வாகத்தில் இருந்த காலத்தில் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸும் ஸ்கைவார்ட்ஸ் திட்டத்தில்தான் சேர்ந்திருந்தது. 2008இல் அந்தக் கூட்டு முடிந்தது, ஸ்ரீலங்கனின் சொந்தத் திட்டமாக ஃப்ளைஸ்மைல்ஸ் வந்தது. 2014 மே 1ஆம் திகதி ஸ்ரீலங்கன், ஒருவர் கார்டை மற்றவர் மதிக்கும் விமான நிறுவனங்களின் ஒன்வேர்ல்ட் கூட்டணியில் சேர்ந்ததும் அந்தக் கார்டுக்கு வெளிநாட்டிலும் மரியாதை கிடைத்தது. கிளாசிக் என்றால் கூட்டணிக்குள் ரூபி, கோல்ட் என்றால் சஃபயர், பிளாட்டினம் என்றால் எமரால்ட். அதே வருடம் ஜூலையில் எயார் இந்தியா இன்னொரு கூட்டணியான ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்தது. சிங்கப்பூர் எயார்லைன்ஸ் ஏற்கெனவே அங்கே இருந்தது. ஆகவே கொழும்பிலிருந்து அடிக்கடி பறப்பவரிடம் பெரும்பாலும் இந்த இரண்டு கூட்டணிகளில் ஒன்றின் கார்ட் இருக்கும், அல்லது வளைகுடா நிறுவனம் ஒன்றின் கார்ட் இருக்கும்.

கிலோதான் கணக்கு

ஸ்டேட்டஸ் என்றதும் பலருக்கு லவுஞ்சின் சோபாவும் காப்பியும்தான் ஞாபகம் வரும். கொழும்பில் அந்தக் கார்டை விரும்புபவர்களிடம் கேட்டால், முதலில் சொல்வது லக்கேஜ். ஒன்வேர்ல்ட் சஃபயருக்கு, எடையைக் கணக்கிடும் வழித்தடங்களில் 15 கிலோ கூடுதல். எமரால்டுக்கு 20 கிலோ. ஸ்டார் அலையன்ஸ் கோல்டுக்கும் 20 கிலோ. டொரொன்டோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் பாதிக் குடும்பம் இருக்கும் ஒருவருக்கு அந்த 20 கிலோ என்றால் மிளகாய்த்தூள், பனங்கட்டி, கருவாடு, கல்யாணச் சேலை, பேரப்பிள்ளைக்குத் தைத்த சட்டை. திரும்பி வரும்போது வேறு சாமான்.

புறக்கோட்டை வியாபாரிக்கு அது நேரடியாகக் காசு. சென்னைக்கும் பாங்கொக்கின் பிரதுநாமுக்கும் போய்த் துணி எடுத்து வருபவர்கள் ஒரு பயணத்தின் லாபத்தைக் கிலோ கணக்கில்தான் பார்ப்பார்கள். மேலதிக எடைக்கு விமான நிலையத்தில் கட்டும் கட்டணம், சின்ன வியாபாரியின் முழு லாபத்தையும் விழுங்கிவிடும்.

அடுத்தது வரிசை. கட்டுநாயக்கவின் இப்போதைய பயணிகள் முனையம் வருடத்துக்குச் சுமார் 60 லட்சம் பேருக்கென்று இருப்பது. 2018இல் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதன் வழியாகப் போனார்கள். ஜப்பானியக் கடனில் தொடங்கிய இரண்டாம் முனையத்தின் வேலை 2022 நெருக்கடியில் நின்றுபோனது. இப்படி நெரிசலான இடத்தில் தனிக் கவுண்டர் என்பது பெரிய உதவி. ஆனால் இங்கேதான் நீடிப்பின் முதல் சிக்கலும் இருக்கிறது. கிலோவை எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் வாங்குபவருக்கு அதன் பயன் குறையாது, நிறுவனத்தின் செலவுதான் கூடும். முன்வரிசை அப்படி அல்ல. எல்லோரையும் முன்னால் நிறுத்தினால் அப்புறம் முன்வரிசை என்று ஒன்று இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்னால் ஒருவர் போகும்போது பின்னால் யாரோ நிற்கிறார். கொழும்பில் அது பெரும்பாலும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் இளைஞன், அல்லது மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைப் பார்க்கப் போகும் ஒரு தாய். இவர்களுக்கு எந்தத் திட்டத்திலும் ஸ்டேட்டஸ் கிடைக்கப் போவதில்லை. ஸ்டேட்டஸை நீடிப்பது யாருக்கும் செலவில்லாத நல்ல காரியம் என்ற பேச்சில் இவர்கள் வருவதே இல்லை. எனக்கு அது உறுத்துகிறது.

ஏறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு கணக்கு. சிங்கப்பூர் எயார்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் எலீட் கோல்டுக்கு 12 மாதத்துக்குள் 50,000 எலீட் மைல்ஸ் (ஸ்டேட்டஸுக்காக எண்ணும் மைல்ஸ்) வேண்டும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் போய்வர ஏறத்தாழ 3,400 மைல். முழு மைல்ஸும் கிடைத்தாலே 15 தடவை போய்வர வேண்டும். மலிவு டிக்கெட்டுக்கு அதில் ஒரு பகுதிதான் சேரும். சென்னை போய்வர ஏறத்தாழ 800 மைல்தான். தூரத்தை வைத்து எண்ணும் திட்டங்கள் எல்லாம் நீண்ட தூரம் பறப்பவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மாதம் ஒருமுறை சென்னைக்குப் போகும் ஒருவர் வருடக் கடைசியில் லண்டனுக்கு ஒரே தடவை போய் வந்தவரைவிடச் சற்றுக் குறைவான தூரமே பறந்திருப்பார். இவ்வளவு பாடுபட்டு எட்டிய இடத்தை ஒரு வருடம் பறக்க முடியாததால் இழப்பது வலிக்கத்தான் செய்யும்.

2020இல் ஏன் நீடித்தார்கள்?

நல்லெண்ணம் இருந்திருக்கலாம். ஆனால் பணக் காரணம் தெளிவாக இருந்தது. அமெரிக்காவின் டெல்டா எயார்லைன்ஸ் 2020 ஏப்ரலிலேயே ஸ்டேட்டஸை ஒரு வருடம் நீடித்தது, அந்த வருடம் சேர்ந்த தகுதி மைல்ஸையும் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக விட்டது. பிறகு இன்னொரு முறையும் நீடித்தது. யுனைடெட்டும் அமெரிக்கனும் ஸ்டேட்டஸை நீடித்தன, தகுதி வரம்புகளையும் குறைத்தன. அதே 2020இல் யுனைடெட் தன் மைலேஜ் பிளஸ் திட்டத்தையே ஈடு வைத்து 6.8 பில்லியன் டொலர் திரட்டியது. செப்டெம்பரில் டெல்டா ஸ்கைமைல்ஸை ஈடு வைத்து 9 பில்லியன் திரட்டியது. 2021 மார்ச்சில் அமெரிக்கன் ஏ-அட்வான்டேஜை வைத்து 10 பில்லியன்.

விமானங்கள் ஓடாத காலத்தில் இந்தத் திட்டங்கள்தான் ஈடு வைக்கத் தகுந்த சொத்தாக இருந்தன. காரணம் எளிது: வங்கிகள் கிரெடிட் கார்ட் வாடிக்கையாளருக்குக் கொடுப்பதற்காக மைல்ஸை விமான நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்குகின்றன. ஒரு விமானமும் பறக்காத மாதத்திலும் மளிகைக் கடையில் கார்ட் தேய்கிறது, அந்தக் காசு வருகிறது. இந்த வியாபாரம் நிற்பது உறுப்பினரின் நம்பிக்கையில். அந்த நேரத்தில் பல லட்சம் பேரின் ஸ்டேட்டஸைப் பறித்திருந்தால், கடன் கொடுப்பவர் பார்க்கும் சொத்தின் மதிப்பும் சேர்ந்தே விழுந்திருக்கும். விமானங்கள் காலியாக இருந்ததால் நீடிப்புக்குச் செலவும் அதிகமில்லை. யாரும் வராத லவுஞ்சுக்கு அனுமதி கொடுப்பதில் என்ன நட்டம்?

செலவு பின்னால் வந்தது. 2022இல் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பறந்தபோது, நீடித்த ஸ்டேட்டஸ் வைத்திருந்தவர்களும் புதிதாகத் தகுதி பெற்றவர்களும் கிரெடிட் கார்ட் வழியாக வந்தவர்களும் ஒரே வாசலில் நின்றார்கள். டெல்டாவின் லவுஞ்ச்களுக்கு வெளியே நீண்ட வரிசைகள். அந்த வருடம் ஜூனில், புறப்படுவதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன்புதான் உள்ளே விடுவோம் என்று விதி போட்டார்கள். 2023 செப்டெம்பரில் ஸ்டேட்டஸுக்கான வரம்பைக் கடுமையாக உயர்த்தி, இனிச் செலவழித்த டொலர் மட்டுமே கணக்கு என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது. அளவுக்கு மீறிப் போய்விட்டோம் என்று தலைமை நிர்வாகி எட் பாஸ்டியனே ஒப்புக்கொண்டார். ஒக்டோபரில் வரம்புகளைக் கொஞ்சம் இறக்கினார்கள். டொலர்தான் அளவுகோல் என்பது மட்டும் மாறவில்லை.

நெரிசலுக்கு நீடிப்பு மட்டும் காரணமல்ல. கிரெடிட் கார்டுகளின் பங்கு பெரியது. ஆனாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுத்த இரண்டு வருடத்தின் விலையைப் பின்னால் வந்தவர்களும் சேர்ந்தே கட்டினார்கள் என்பதுதான் என் வாசிப்பு.

எங்கள் நாட்காட்டி

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொட்டாஞ்சேனை அந்தோனியார் கோவில், நீர்கொழும்பு, மட்டக்களப்பு, கொழும்பின் ஹோட்டல்கள் என்று பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. அடுத்த மாதம் சுற்றுலாப் பயணிகளின் வருகை ஏறத்தாழ 70 வீதம் விழுந்தது. விமான நிறுவனங்கள் கொழும்புக்கான சேவைகளைக் குறைத்தன. இங்கிருந்து பறக்க இருந்த எத்தனையோ பேர் மாதக்கணக்கில் எங்கும் போகவில்லை. உலகத்தில் மற்ற எல்லா விமான நிலையமும் வழக்கம்போல் இயங்கியதால், எந்தத் திட்டத்துக்கும் அது நெருக்கடியாகத் தெரியவில்லை.

2020 மார்ச்சில் கட்டுநாயக்க வருகைப் பயணிகளுக்கு மூடப்பட்டது. சாதாரணப் பயணிகளுக்கு மறுபடி திறந்தது 2021 ஜனவரி 21ஆம் திகதி. பத்து மாதம். அப்புறம் மே மாதத்தில் இந்தியாவில் டெல்டா வகைத் தொற்று பரவியபோது அங்கிருந்து வருபவர்களுக்குத் தடை, அந்த மாதக் கடைசியில் விமான நிலையமே சில நாட்கள் வருகைக்கு மூடல். இந்தியப் பக்கத்திலோ வழக்கமான சர்வதேச விமான சேவைகள் 2020 மார்ச் 23 முதல் நிறுத்தப்பட்டிருந்தன. இடையில் இரண்டு நாடுகளும் தனி ஏற்பாடு செய்து சில சேவைகளை ஓடவிட்டன. வழக்கமான சேவை திரும்பியது 2022 மார்ச் 27ஆம் திகதி.

அந்தத் திகதியைக் கவனியுங்கள். கொழும்பிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் போய் வியாபாரம் செய்தவருக்கு இரண்டு வருடத்துக்குப் பிறகு வழி முழுதாகத் திறந்தது மார்ச் கடைசியில். அதற்குள் ரூபா விழத் தொடங்கிவிட்டது. மார்ச் ஆரம்பத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே நடுவில் 360 ஆகிவிட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. ஒகஸ்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைப் பொருட்களின் இறக்குமதியை நிறுத்தி வர்த்தமானி வந்தது. சரக்கு எடுத்துவரப் போகும் வியாபாரி, எடுத்துவர முடியாத சரக்குக்காக ஏன் பறக்கப் போகிறார்?

விமான எரிபொருளுக்கே தட்டுப்பாடு. கொழும்பிலிருந்து தூரதேசம் போகும் விமானங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. டிக்கெட் விற்ற ரூபாவை டொலராக மாற்றி வெளியே கொண்டுபோக முடியாமல் வெளிநாட்டு நிறுவனங்கள் தவித்தன. கொழும்பில் டிக்கெட் விலை ஏறியது. அடுத்த வருடம், 2023இல், எஞ்சின் பற்றாக்குறையால் ஸ்ரீலங்கனின் ஏ320 நியோ விமானங்கள் சில மாதக்கணக்கில் தரையில் நின்றன. ரத்தும் தாமதமும் அன்றாடச் செய்தியாகின.

உலகின் பெரும்பாலான நிறுவனங்கள் பொதுவான நீடிப்பை முடித்துக்கொண்டு வந்த காலம் அதுதான். இங்கே பாணுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை நின்றபோது யார் கோல்ட் கார்டைப் பற்றிக் கவலைப்பட்டார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பசியோடு இதை ஒரே தட்டில் வைக்கவே முடியாது. ஆனால் அந்த வியாபாரி வருடக்கணக்கில் ஒரே நிறுவனத்தில் டிக்கெட் எடுத்தவர். எடுத்துவர அவருக்கு இருந்த கூடுதல் கிலோ, கடை மறுபடி நிமிர வேண்டிய 2023இல்தான் அவருக்கு மிகவும் தேவைப்பட்டது. அப்போது அது போயிருந்தது.

ஒரு நாட்டின் நிலைமையைப் பார்த்து நீடிப்பது முடியாத காரியமல்ல. ஆஸ்திரேலியா 2020 மார்ச்சிலிருந்து 2021 நவம்பர் வரை தன் மக்களையே வெளியே போக விடாமல் எல்லையை மூடி வைத்தது. அந்தக் காலத்தில் அந்நாட்டு விமான நிறுவனமான குவாண்டாஸ் ஒரு முறைக்கு மேல் ஸ்டேட்டஸை நீடித்துக் கொடுத்தது. தன் உறுப்பினர் எந்த நாட்டில் அடைபட்டிருக்கிறார் என்பது அதற்குத் தெரியும், ஏனென்றால் அவர்கள் அதன் சொந்த ஊர்க்காரர்கள். கொழும்பில் வாழ்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் வேறு ஊரின் கார்ட். டோஹாவிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்து பார்க்கும்போது, உறுப்பினர் பட்டியலில் இலங்கை முகவரிகள் ஒரு சின்னப் பங்கு. கணினியில் முகவரி இருக்கிறது, பறக்காத மாதங்கள் இருக்கின்றன, தாங்களே ரத்து செய்த விமானங்களின் பட்டியலும் இருக்கிறது. பார்க்கவேண்டும் என்ற எண்ணம்தான் இல்லை.

ரூபா விழுந்தால் படியும் உயர்கிறது

செலவழித்த தொகையை வைத்து ஸ்டேட்டஸ் கொடுப்பது இப்போது பரவி வருகிறது. டெல்டா 2024 முதல், பிரிட்டிஷ் எயார்வேஸ் 2025 ஏப்ரல் 1 முதல். பிரிட்டிஷ் எயார்வேஸில் சில்வருக்கு 7,500 புள்ளிகள், கோல்டுக்கு 20,000. அதன் சொந்த விமானத்தில் பறந்தால், செலவழிக்கும் ஒரு பவுணுக்கு ஒரு புள்ளி. 2025 விலையில் சில்வருக்கே ஏறத்தாழ 30 லட்சம் ரூபா ஆகிறது. இந்த நாட்டில் தனிமனிதர் தன் காசில் இதைத் தொடுவது நடக்காத காரியம். கம்பனிக் காசில் பிஸ்னஸ் கிளாஸில் போகிறவர் தொடலாம்.

நாணய வீழ்ச்சி இங்கே எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒரு திட்டத்தில் 5,000 டொலர் வரம்பு என்று வைத்துக்கொள்வோம். 2022 பெப்ரவரியில் அது 10 லட்சம் ரூபா. மே மாதத்தில் 18 லட்சம். நிறுவனம் ஒரு விதியையும் மாற்றவில்லை, பயணியின் வருமானமும் ரூபாவில் அப்படியே இருக்கிறது. படி மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்கு உயர்ந்துவிட்டது. சொந்த நாணயத்தில் சம்பளம் வாங்குபவருக்கு இது விமான நிலையம் பாதி மூடப்பட்டதற்குச் சமம். கொரோனாவில் பல நிறுவனங்கள் வரம்பையே குறைத்தன. நாணயம் சரிந்த நாட்டில் வாழும் உறுப்பினருக்கு அதே வழியைத் திறக்க என்ன தடை? குறைந்தபட்சம், செலவோடு சேர்த்துப் பயணங்களின் எண்ணிக்கையையும் ஒரு மாற்று வழியாக வைக்கலாம். குறுந்தூரம் பறக்கும் சென்னை வியாபாரிக்கும் அதுதான் நியாயமான அளவு.

யார் காசு?

இதற்கெல்லாம் செலவு இருக்கிறது. கூட்டணிக்குள் ஒரு நிறுவனத்தின் கார்டைக் காட்டி இன்னொரு நிறுவனத்தின் லவுஞ்சுக்குள் போனால், கார்டைக் கொடுத்த நிறுவனம் அதற்குப் பணம் கட்ட வேண்டும். ஃப்ளைஸ்மைல்ஸ் கோல்ட் வைத்திருப்பவர் ஹீத்ரோவில் இன்னொருவரின் லவுஞ்சில் உட்காரும்போது கொழும்பிலிருந்து வெளிநாட்டு நாணயம் போகிறது. ஸ்ரீலங்கன் அரசுக்குச் சொந்தமானது, நெடுங்காலமாக நட்டத்தில் ஓடியது, அந்த நட்டத்தின் பாரம் கடைசியில் வரி கட்டுபவரின் தலையில். ஒருநாளும் விமானம் ஏறாத தோட்டத் தொழிலாளியும் மறைமுக வரியில் தன் பங்கைக் கட்டுகிறார். ஆகவே எங்கள் நிறுவனம் டோஹாவைப் போலவோ சிங்கப்பூரைப் போலவோ தாராளமாக நீடிக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். ஜெட் எயார்வேஸின் கதி வேறு முன்னால் இருக்கிறது.

அதனால்தான் சலுகைகளைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். நெருக்கடிக்குப் பிறகு ஸ்டேட்டஸ் இழக்கும் ஒருவருக்குக் கூடுதல் கிலோவை மட்டும் இன்னும் ஒரு வருடம், அதுவும் தன் சொந்த விமானங்களில், விட்டுவைக்கலாம். இடமிருக்கும் விமானத்தில் அதற்கு ஆகும் செலவு கூடுதல் எரிபொருள்தான், வெளியாருக்குக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. லவுஞ்சும் முன்வரிசையும் உண்மையில் பறப்பவருக்கே போகட்டும். அவருக்குப் பின்னால் நிற்கும் அந்தத் தாயின் வரிசையும் அநாவசியமாக நீளாது.

முழு நீடிப்பு கொடுப்பதானால் கடிகாரத்தை நிறுத்தும் முறையே நேர்மையானது. விமான நிலையம் பத்து மாதம் மூடியிருந்ததா? அந்த உறுப்பினரின் தகுதி வருடத்தில் பத்து மாதம் கூட்டுங்கள். வழித்தடத்தை நிறுவனமே ரத்து செய்ததா? வாங்கிய டிக்கெட்டின் புள்ளிகளைப் பறந்ததாகக் கணக்கில் சேருங்கள், இதில் இரக்கம் காட்ட ஒன்றுமில்லை, கொடுக்க வேண்டியதைக் கொடுப்பதுதான். பிள்ளைப்பேறும் பெரிய நோயும் இதே வகை. ஆஸ்திரேலியாவின் வேர்ஜின் நிறுவனம் தன் வெலாசிட்டி திட்டத்தில், பிள்ளை பெறும் உறுப்பினருக்கு இப்படி ஓர் இடைநிறுத்தம் கொடுத்தது. வேலைக்காகப் பறந்து கோல்ட் எடுத்த ஒரு பெண், பிரசவ விடுப்பிலிருந்து திரும்பி முதல் படியில் நிற்பது எந்த வகையிலும் சரியில்லை.

வேலை மாறியதால், அல்லது கூட்டங்கள் எல்லாம் சூமுக்குப் போனதால் பறக்காதவருக்கு? அவருக்கு நீடிப்பு வேண்டாம். பறப்பதற்கு வழி இருந்தது, தேவை இல்லாமல் போய்விட்டது. அவரை ஒரேயடியாகக் கீழே தள்ளாமல் ஒரு படி மட்டும் இறக்கினால் போதும். எயார் பிரான்ஸும் கேஎல்எம்மும் நடத்தும் ஃப்ளையிங் புளூ அப்படித்தான் செய்கிறது. அங்கே தேவைக்கு மேல் சேர்ந்த புள்ளிகள் அடுத்த வருடத்துக்கும் போகின்றன. இந்த இரண்டு விதிகளும் எல்லாத் திட்டங்களிலும் நிரந்தரமாக இருந்தால், நெருக்கடி வரும்போது அவசர அறிவிப்புக்கான தேவையே பாதி குறைந்துவிடும்.

இப்போதைக்கு விதி எழுதும் இடத்தில் நாம் இல்லை. ஆனால் பல திட்டங்களில் தனிப்பட்ட வேண்டுகோளைப் பரிசீலிக்க இடம் இருக்கிறது, கேட்காதவருக்கு அது கிடைப்பதில்லை. கெடு முடிந்த பிறகு கேட்பதைவிட அதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே எழுதுவது நல்லது. நிறுவனமே ரத்து செய்த விமானங்களின் மின்னஞ்சல்களை அழிக்காமல் வைத்திருந்து, பறப்பு இலக்கத்தோடும் திகதியோடும் இணைத்து அனுப்புங்கள். மருத்துவக் காரணம் என்றால் மருத்துவரின் கடிதம். எத்தனை வருடமாக உறுப்பினர், இன்னும் எவ்வளவு புள்ளி குறைகிறது, வரும் மாதங்களில் என்ன டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்பதை நாலு வரியில் சொல்லுங்கள். முழு நீடிப்புக் கிடைக்காது என்று தோன்றினால், மூன்று மாத அவகாசமாவது தரும்படி கேளுங்கள்.